மாற்றிக் கொடுத்த எஸ்எஸ்டியும் பழுது: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். வேலைக்கு ஆள் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. இணைய விற்பனைத் தளம் ஒன்றில் 1 டெராபைட் என்விஎம்இ எஸ்எஸ்டி (சில்களில் தரவைச் சேமிக்கும் வேகமான டிரைவ்) வாங்கி, கணினியில் இரண்டாவது டிரைவாகப் போட்டேன். 5 ஆண்டு வாரண்டி. 14-ஆம் மாதம் அது கணினியில் தெரியாமலே போனது. அனுப்பினேன். பதிலுக்கு, பழுது பார்த்துப் புதுப்பிக்கப்பட்ட ஒன்று வந்தது. நான்கு மாதம் ஓடி, இப்போது அதில் எதையும் எழுத முடியவில்லை, படிக்க மட்டும் முடிகிறது. கம்பெனி மறுபடி அனுப்பச் சொல்கிறது. விற்றவர் தனக்குச் சம்பந்தம் இல்லை என்கிறார். பில்லில் ஜிஎஸ்டி எண் இருப்பதால் நான் நுகர்வோரே இல்லை என்றும் சொல்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? முதல் டிரைவோடு போன கோப்புகளுக்கு இழப்பீடு உண்டா? அடுத்து எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. அதற்கு முன் ஒன்று: அந்த எஸ்எஸ்டியை இப்போதே கூரியரில் போட்டுவிடாதீர்கள். உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சி அதுதான், அது கையை விட்டுப் போனால் திரும்பி வராது.

பழுதான இடங்களுக்குப் பதிலாக டிரைவ் ஒதுக்கி வைத்திருக்கும் மாற்று பிளாக்குகள் தீர்ந்துபோனாலோ, உள்ளே சரிசெய்ய முடியாத பிழை வந்தாலோ, டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் படிக்க மட்டும் விடும். இது உங்களுக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். அடுத்த முறை கணினியைப் போடும்போது படிக்கவும் முடியாமல் போகலாம். ஆகவே முதலில் எல்லாக் கோப்புகளையும் வேறொரு டிரைவுக்கு நகலெடுங்கள். 'செக் டிஸ்க்' ஓட்டாதீர்கள், ஃபார்மட் செய்ய முயலாதீர்கள். நடுவில் பிழை வந்து நகல் நின்றால் டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருள் உதவும். எளிதில் படிக்க முடிந்த பகுதிகளை அது முதலில் எடுத்துவிட்டு, சிக்கலான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்.

அடுத்தது ஆதாரம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அல்லது ஸ்மார்ட்மான்டூல்ஸ் மூலம், டிரைவ் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் 'ஸ்மார்ட்' அறிக்கையை எடுத்து, வரிசை எண்ணும் ஃபர்ம்வேர் (டிரைவுக்குள் ஓடும் மென்பொருள்) எண்ணும் தெரியும்படி சேமியுங்கள். அதில் பார்க்க வேண்டியவை கிரிட்டிகல் வார்னிங், அவைலபிள் ஸ்பேர், பர்சன்டேஜ் யூஸ்டு, மீடியா எரர்கள், பவர் ஆன் மணிநேரம், டேட்டா யூனிட்ஸ் ரிட்டன் ஆகியவை. கடைசியாகச் சொன்னதுதான் வழக்கில் அதிகம் பேசும். என்விஎம்இ-யில் ஒரு யூனிட் என்பது 5,12,000 பைட். அறிக்கையில் 4 கோடி யூனிட் என்று இருந்தால், எழுதப்பட்டது சுமார் 20.5 டெராபைட். டிரைவின் டிபிடபிள்யூ, அதாவது கம்பெனி உத்தரவாதம் தரும் மொத்த எழுத்தளவு, 600 டெராபைட் என்றால் நீங்கள் பயன்படுத்தியது மூன்றரை சதவீதம்கூட இல்லை. வாரண்டி 5 ஆண்டு அல்லது டிபிடபிள்யூ, எது முந்துகிறதோ அதுவரை என்பதுதான் வழக்கமான நிபந்தனை. 'அதிகமாக உபயோகித்துத் தேய்த்துவிட்டார்' என்ற வாதத்தை இந்த ஒரு கணக்கே முடக்கிவிடும். பவர் ஆன் மணிநேரம் நீங்கள் ஓட்டிய நான்கு மாதத்தில் வர முடியாத அளவுக்கு இருந்தால், ஏற்கெனவே ஓடிய டிரைவைத் தந்தார்கள் என்பதற்கும் அது சான்று. குறைவாக இருந்தால் புதியது என்று முடிவுகட்ட வேண்டாம், புதுப்பிக்கும்போது இந்த எண்ணை அழித்துவிடவும் முடியும்.

விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளையும் ஏற்றுமதி செய்து வையுங்கள். எண் 7 பழுதான பிளாக்கையும், 129 டிரைவ் பதில் சொல்லாமல் ரீசெட் ஆனதையும், 153 மறுமுயற்சியையும் காட்டும். பழுதானது உங்கள் இரண்டாவது டிரைவ் என்பதால் இந்தப் பதிவுகள் விண்டோஸ் இருக்கும் டிரைவில் பத்திரமாக இருக்கும். ஆனால் நாளாக ஆகப் பழையவற்றின்மேல் புதியவை எழுதப்பட்டுவிடும், தள்ளிப்போடாதீர்கள். டிரைவை வேறொரு கணினியில் மாட்டிப் பார்த்து, அங்கும் அதே நிலைதான் என்பதை வீடியோவில் பதியுங்கள். இல்லாவிட்டால் மதர்போர்டு மேலும் பவர் சப்ளை மேலும் பழி போகும். மின்னணு ஆதாரங்களோடு, பாரதிய சாட்சிய அதினியம், 2023-இன் 63-ஆம் பிரிவுப்படி, அவை எந்தக் கருவியில் எப்படி எடுக்கப்பட்டவை என்று சொல்லும் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

இனி ஜிஎஸ்டி எண்ணைப் பற்றி. பில்லில் அது இருப்பதால் மட்டுமே ஒருவர் நுகர்வோர் தகுதியை இழப்பதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(7) வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை விலக்குகிறது. ஆனால் சுயதொழில் செய்து, பிழைப்புக்காகத் தானே பயன்படுத்த வாங்கிய பொருளை அந்த விலக்கு தொடாது என்று அதன் விளக்கவுரை சொல்கிறது. பழைய சட்டத்தின் கீழ் 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே பேசியிருக்கிறது. வணிக நோக்கம் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று 2024-இல் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆள் வைக்காமல் தனியாக வேலை செய்கிறீர்கள் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். உள்ளீட்டு வரிக் கழிவு (வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால் மட்டும், அந்த வரித்தொகையை நீக்கிவிட்டு விலையைக் கேளுங்கள். இல்லாவிட்டால் எதிர்தரப்புக்கு நீங்களே ஆயுதம் கொடுத்ததாகிவிடும்.

'மாற்றிக் கொடுப்பது மட்டுமே எங்கள் பொறுப்பு, அதுவும் புதுப்பிக்கப்பட்டதாக இருக்கலாம்' என்று வாரண்டி தாளில் இருக்கும். அது அவர்கள் எழுதிக்கொண்ட நிபந்தனை. சட்டத்தின் 39-ஆம் பிரிவு நுகர்வோர் ஆணையத்துக்குத் தரும் அதிகாரம் அதைவிடப் பெரியது: குறையை நீக்கச் சொல்லலாம், அதே வகைப்பட்ட, குறையில்லாத புதிய பொருளைத் தரச் சொல்லலாம், விலையை வட்டியோடு திருப்பச் சொல்லலாம். 'புதிய' என்ற சொல் பிரிவிலேயே இருக்கிறது, நோட்டீஸில் அதை அப்படியே எடுத்து எழுதுங்கள். ஒரே பொருள் இரண்டு முறை பழுதான பிறகு மூன்றாவதையும் வாங்கிக்கொண்டு காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை என்பதே உங்கள் வாதம். வாரண்டி நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று அதை ரத்து செய்யக் கேட்பதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். ஒரு எஸ்எஸ்டிக்காக அந்தச் சுற்றுவழி வேண்டாம்.

விற்றவர் தப்பிக்க முடியாது. குறையுள்ள பொருளை விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று மின்வணிக விதிகள், 2020 சொல்கின்றன. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் உங்கள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. எனவே தளத்திலும் இன்றே புகார் பதிவு செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அதில்தான் அச்சிட்டிருக்கும். உற்பத்தியாளர் வெளிநாட்டில் இருந்தால் நோட்டீஸ் அனுப்ப அந்த முகவரி வேண்டும்.

நோட்டீஸ் அனுப்பியே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனாலும் அனுப்புங்கள். விற்பனையாளர், விற்பனைத் தளம், உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர் எல்லோருக்கும் 15 நாள் கெடு வைத்து, விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும். 'டிரைவைச் சோதித்துப் பார்க்க என் முன்னிலையில், எழுத்துமூலம் ரசீது பெற்றுக்கொண்டு தரத் தயார்' என்ற வாக்கியம் அதில் கட்டாயம் இருக்கட்டும். சரிசெய்ய வாய்ப்பே தரவில்லை என்று பின்னால் அவர்கள் சொல்ல முடியாது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எழுத முடியாத டிரைவை அழிக்கவும் முடியாது. உங்கள் வாடிக்கையாளர்களின் கணக்குகள் அதற்குள் இருக்கின்றன. தரவு எப்படி அழிக்கப்படும் என்று எழுத்தில் உறுதி வாங்காமல் அதை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

பதில் வராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு போடலாம். கம்பெனி எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்தில் தொடுக்க 34-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையவழியும் தாக்கல் செய்யலாம், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முயன்று பார்க்கலாம். கெடு 2 ஆண்டு. அதை இரண்டாவது பழுதிலிருந்து எண்ணாதீர்கள், முதல் பழுது தெரிந்த நாளிலிருந்து எண்ணி அதற்குள் தாக்கல் செய்துவிடுங்கள். மின்னஞ்சல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பதால் கெடு நீளாது. நல்ல வழக்குகள் பல இப்படித்தான் வீணாகின்றன.

குறை இருக்கிறதா என்பதே தகராறானால், ஆணையம் 38-ஆம் பிரிவின் கீழ் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். 45 நாளில் அறிக்கை கேட்கும், கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அதுவரை டிரைவைத் திறக்கக் கூடாது, மேலே ஒட்டியிருக்கும் லேபிளையும் பிரிக்கக் கூடாது.

கோப்புகளுக்கான இழப்பீடு கடினம். இதில் உங்களுக்கு வீண் நம்பிக்கை தர விரும்பவில்லை. குறையுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்கு ஈடு கேட்கும் வழிக்குப் 'பொருள் பொறுப்பு' என்று பெயர். அதற்கான 'தீங்கு' என்பதன் வரையறை, பிரிவு 2(22), வணிக, பொருளாதார இழப்பை வெளிப்படையாகவே விலக்குகிறது. போன வருமானத்தை அந்த வழியில் கேட்க முடியாது. மிஞ்சுவது 39-ஆம் பிரிவின் இழப்பீடு. அதற்கு எதிர்தரப்பின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். தெரிந்த ஃபர்ம்வேர் கோளாறு அந்த மாடலுக்கு இருந்ததா என்று கம்பெனியின் ஆதரவுப் பக்கத்தில் தேடுங்கள். இப்படி நடந்திருக்கிறது: சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் சில எஸ்எஸ்டிகள் செயலிழக்கும், தரவும் மீளாது என்று ஹெச்பிஇ நிறுவனம் 2019-இல் அறிவித்துத் திருத்த ஃபர்ம்வேர் வெளியிட்டது. சாம்சங் 980 புரோவிலும் பழைய ஃபர்ம்வேரில் டிரைவ் படிக்க மட்டும் முடிகிற நிலைக்குப் போகும் கோளாறு இருந்து, பிறகு திருத்தம் வந்தது. உங்கள் மாடலுக்கு அப்படி ஓர் அறிவிப்பு இருந்தால், அதன் தேதியும் உங்கள் டிரைவ் பழுதான தேதியும் வழக்கின் போக்கையே மாற்றும். இல்லையென்றால் தரவு மீட்புக்கூடத்துக்குக் கொடுத்த ரசீது உள்ள செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு என்று அளவாகக் கேளுங்கள். ஆதாரமில்லாத லட்சங்களைக் கேட்டால், கிடைக்க வேண்டிய விலையின் மேலும் சந்தேகம் படியும்.

அடுத்து வாங்கும்போது, நேண்ட், அதாவது தரவைச் சேமிக்கும் சில், எந்த வகை என்பதை எழுத்தில் உறுதிசெய்யும் மாடலையே தேர்ந்தெடுங்கள். க்ரூஷியல் பி2 டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட்) சில்லோடு அறிமுகமாகி, 2021-இல் அதே பெயரில் கியூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட், சீக்கிரம் தேயும்) சில்லோடு விற்கப்பட்டது. விவரத்தாளில் சில் வகை குறிப்பிடப்படவில்லை என்றால் பின்னால் வழக்காடவும் பிடி கிடைக்காது. நாள் முழுக்கக் கணக்கு மென்பொருள் ஓட்டுவதற்கு டிஎல்சி, தனி டிரேம் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் தற்காலிக நினைவகம்), 5 ஆண்டு வாரண்டி, 1 டெராபைட்டுக்கு 600 டிபிடபிள்யூ என்பது நிறைவான அளவு. டிரேம் இல்லாத மாடல்கள் கணினியின் நினைவகத்தில் கொஞ்சம் கடன் வாங்கி ஓடும், கோப்புகளைச் சேர்த்து வைக்க அவை போதும். வாங்கும் நாளில் விவரத்தாளையும் வாரண்டி நிபந்தனையையும் பிடிஎஃப்-ஆகச் சேமியுங்கள், பின்னால் அந்தப் பக்கங்கள் மாறிவிடும். பில்லில் வரிசை எண் இருக்கட்டும். வந்ததும் கம்பெனித் தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்த்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ கொண்டு முழுக் கொள்ளளவையும் ஒருமுறை எழுதிப் படித்துப் பாருங்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலி டிரைவும், முதல் வாரத்திலேயே சாகக்கூடிய டிரைவும் பெரும்பாலும் அதிலேயே சிக்கும்.

காப்பு நகலுக்கு அதே மாடலில் இன்னொன்று வாங்காதீர்கள், ஃபர்ம்வேர் கோளாறு இரண்டையும் ஒரே நேரத்தில் கொன்றுவிடும். மின்சாரம் இல்லாமல் எஸ்எஸ்டியை அலமாரியில் வைப்பதும் சரியில்லை. சில் துறைக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பு சாதாரண எஸ்எஸ்டியிடம் கேட்பது, எழுத்தளவு முழுக்கத் தேய்ந்த பிறகு 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவைத் தாங்குவதை மட்டுமே. காப்புக்கு ஹார்ட் டிஸ்க் போதும். புதிய டிரைவில் முதல் கோப்பை வைப்பதற்கு முன்பே பிட்லாக்கர் போன்ற குறியாக்கத்தைப் போட்டு, மீட்புச் சாவியைத் தாளில் எழுதித் தனியே வையுங்கள். அந்த டிரைவும் ஒருநாள் திடீரென நின்றுபோனால், வாடிக்கையாளர்களின் கணக்கு வெளியே போய்விடுமோ என்ற பயமின்றி வாரண்டிக்கு அனுப்பலாம்.