தோட்டத் துரை பங்களாக்களைப் பார்க்கப் போவது வெள்ளையரைப் போற்றுவதாகுமா?

ஆகாது, தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த வீட்டில் எதைக் காட்டுகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்று கவனித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் குழந்தைகளோடு கோத்தகிரிக்கும் வால்பாறைக்கும் போவதாக எண்ணி எழுதுகிறேன்.

கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில், கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய வீடு இன்று நினைவகமாக உள்ளது. நீலகிரியில் தேயிலை பரவுவதற்கு முந்தைய வீடு அது. அங்கே சல்லிவனோடு மலையின் பழங்குடிகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதால் அவசியம் பாருங்கள்.

என் மனக்குறை வால்பாறையைப் பற்றியது. என் அம்மாவைப் பெற்ற அம்மாயியின் பெற்றோர், தாராபுரம் பக்கம் மழை பொய்த்த காலத்தில், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, வால்பாறை இருக்கும் ஆனைமலை ஏறியவர்கள். முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டு ஓடினால் சிறையில் தள்ள இடமளித்த 1859-ஆம் ஆண்டுச் சட்டம் 1925-இல்தான் நீக்கப்பட்டது. ஆகவே அவர்கள் நினைத்தபோது இறங்கிவிடக்கூடிய மலையாக அது இருக்கவில்லை. அம்மாயி பிறந்தது பாடியில், அதாவது தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில். சிறுமியாக இருந்தபோதே தோட்ட மேலாளரான பெரியதுரையின் பங்களாவுக்கு விறகு சுமந்திருக்கிறார்.

அந்தப் பங்களாவை இப்போது விருந்தினர் விடுதியாக்கி, பழம்பொருட்களை வைத்துச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று அறிந்து அம்மாவை அழைத்துப் போனேன். கணப்பு, தேக்கு மேசை, சுவரில் காட்டெருமைத் தலை என ஒவ்வொன்றாக விளக்கிய வழிகாட்டி, அம்மா பின்கட்டுக்குத் திரும்பியதும், “அங்க பார்க்கறதுக்கு ஒண்ணுமில்லீங்கம்மா” என்றார். அம்மா நிற்கவில்லை. குளியலறையின் வெளிச்சுவரில், குனிந்துதான் நுழைய முடியும் என்ற அளவில் ஒரு கதவு இருந்தது. வெந்நீர் சுமந்து வருபவர் வீட்டுக்குள் கால் வைக்காமல் தொட்டியில் ஊற்றிவிட்டு அப்படியே திரும்புவதற்கான வழி அது என்று அம்மாயி சொல்லக் கேட்டிருந்ததை, அம்மா என் பிள்ளைகளுக்கு அந்தக் கதவின் முன்னே நின்று விளக்கினார். வழிகாட்டியும் நின்று கேட்டார்.

துரைமாரைத் தூற்றுவதற்காக இதை எழுதுவதாகச் சிலர் சொல்லக்கூடும். ஆனைமலையில் தோட்டம் போட்ட முன்னோடித் துரையான கார்வர் மார்ஷ் இந்த மலையில் பட்ட பாட்டை நான் மறுக்கவில்லை. வால்பாறையை அடுத்த கவர்க்கல்லில் அவருக்குச் சிலை இருப்பதிலும் எனக்கு வருத்தமில்லை. காட்டை வெட்டிக் காய்ச்சலில் மடிந்தவர்களுக்கு அந்தப் பங்களாவில் ஒரு பலகைகூட இல்லை என்பதே என் வருத்தம்.

ஆகவே போகும்போது குசினியையும் பின்வாசலையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தொழிலாளர்களின் வருகையைக் குறித்த பழைய செக்ரோல் ஏடு இருந்தால் அதையும் கேளுங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் லைன் வீட்டைக் காலி செய்தாக வேண்டும் என்பதால், பழைய கதை தெரிந்த பலர் இன்று மலையில் இல்லை. பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். தெரிந்தவர் யாராவது இருந்தால், மலையேறும் முன் அவர்களிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள்.