பெய்ஜிங்கில் ஐந்து நாள்: சுங்கை சிப்புட்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

போன வாரம் மலேசியாவின் பேராக்கில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் பேச்சுவாக்கில், "பள்ளி விடுமுறைக்குப் பெய்ஜிங் போகிறவர்கள் கேளுங்கள், சொல்கிறேன்" என்று வாயை விட்டேன். சீனப் பள்ளியில் படித்தவன், இரும்புச் சாமான் வாங்க அடிக்கடி போய் வந்தவன் என்பதால் அந்த ஊர் எனக்குக் கொஞ்சம் பழக்கம். ஒரு கட்டுக் கேள்வி வந்து சேர்ந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே அளவில் பதில் வராது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விசா எடுக்க வேண்டுமா அண்ணே?

மலேசியப் பாஸ்போர்ட் இருந்தால் வேண்டாம். 2025 ஜூலை 17 முதல் ஒரு தடவைக்கு 30 நாள் வரை தங்கலாம்.

ஐந்து நாளில் என்னென்ன பார்க்கலாம்?

போகிற நாளும் வருகிற நாளும் கணக்கில் சேராது. விமானமே ஆறு மணி நேரத்துக்கு மேல். கையில் இருப்பது மூன்று நாள். சீன அரசர்கள் இருந்த பழைய அரண்மனைக்கு (ஆங்கிலத்தில் ஃபர்பிடன் சிட்டி என்பார்கள்) ஒன்று, பெருஞ்சுவருக்கு ஒன்று, சொர்க்கக் கோயிலுக்கும் பழைய சந்துகளுக்கும் ஒன்று. சொர்க்கக் கோயிலுக்குக் காலையிலேயே போங்கள். உள்ளூர்க் கிழவர்கள் சீட்டாடுவதையும் பாட்டிமார் ஆடுவதையும் பார்ப்பதற்கே டிக்கெட் காசு தகும்.

அரண்மனைதான் ஆளைக் கவிழ்க்கும். வாசலில் போய் டிக்கெட் வாங்க முடியாது. ஏழு நாளுக்கு முன்பே, இரவு எட்டு மணிக்கு இணையத்தில் திறப்பார்கள், விடுமுறைக் காலத்தில் சீக்கிரமே தீர்ந்துவிடும். பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்துத்தான் பதிய வேண்டும். நான் முதல் தடவை வீட்டுக்காரியோடு போனபோது, நம் பாஸ்போர்ட்டின் அதே பக்கத்தில் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் இருக்கிறதல்லவா, அவசரத்தில் அவளுக்கு அதை அடித்துவிட்டேன். வாசலில் என் பாஸ்போர்ட்டை வைத்ததும் பச்சை விளக்கு, அவளுடையதை வைத்தால் சிவப்பு. நான் மட்டும் உள்ளே போய் அரசர் வீட்டைப் பார்த்துவிட்டு வர முடியுமா? இரண்டு பேரும் வெளியே அகழிக்கரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றோம். அவள் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். ஆகவே பாஸ்போர்ட் எண் என்றால் ஓர் எழுத்து, எட்டு எண். அதை மட்டும் அடியுங்கள்.

அப்புறம், அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திங்கட்கிழமை விடுமுறை. இரண்டு தடவை எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, கீழே பாருங்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி. பெருஞ்சுவர் ஏற முடியுமா?

பெருஞ்சுவரின் மூதியன்யூ பகுதிக்குப் போங்கள். கேபிள் கார் 14-ஆம் காவல் கோபுரத்துக்கே கொண்டுபோய் விடும். அம்மா அங்கே உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், நீங்கள் நடந்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளுக்கு இருக்கை வண்டியில் ஏறிச் சறுக்கு வண்டியில் இறங்கும் வழி தனியாக உண்டு. ஊரிலிருந்து 70 கிலோமீட்டர் என்பதால் குடும்பமாகப் போனால் வேன் பேசுவதே மேல். பொதுப் பேருந்தில் போனால், பாதி வழியில் ஒருவன் ஏறி "இதுதான் இறங்குமிடம்" என்பான். இறங்காதீர்கள், அவன் டாக்சிக்காரன்.

அரண்மனைதான் அம்மாவுக்குக் கஷ்டம். தெற்கு வாசலில் நுழைந்தால் வடக்கு வாசலிலோ கிழக்கு வாசலிலோதான் வெளியே வர வேண்டும். வடக்கு வாசல்வரை நேராக நடந்தாலே ஒரு கிலோமீட்டர் பிடிக்கும், அதுவும் கல் தரை.

ரொக்கம் எவ்வளவு கொண்டுபோக வேண்டும்?

கொஞ்சம் போதும். அலிபே என்ற சீனக் கைப்பேசிக் கட்டணச் செயலியில் உங்கள் விசா கார்டையோ மாஸ்டர் கார்டையோ இங்கேயே இணைத்துச் சரிபார்த்துவிடுங்கள். ஒரு தடவைக்கு 200 யுவானுக்கு உட்பட்ட செலவுக்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் 3 விழுக்காடு பிடிப்பார்கள். நம் டச் அண்ட் கோ இ-வாலட்டும் பல கடைகளில் வேலை செய்யும்.

அரண்மனை திங்கட்கிழமை திறந்திருக்குமா அங்கிள்?

மேலே படியுங்கள் தம்பி.

நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. ஹலால் கடையில் சாப்பிட்டால் பிரச்சினை இல்லைதானே?

இதில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே ஹலால் மீ (நூடுல்ஸ்) கடை என்றாலே பெரும்பாலும் மாட்டு சூப்தான். "நியூரோ" என்று காதில் விழுந்தால் அது மாடு. சைவம் என்பதற்கு "வோ சி சூ" என்று சொல்லுங்கள். தக்காளியும் முட்டையும் சேர்த்து வதக்கி எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் தருவார்கள், சோற்றுக்கு அருமை. வீட்டுச் சம்பல் ஒரு போத்தல் வைத்துக்கொண்டால் போதும். இறைச்சி, பழம் கொண்டுபோகாதீர்கள், சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

ஷாங்காயையும் சேர்த்துக்கொள்ளலாமே? ரயில் நாலரை மணி நேரம்தான்.

வேண்டாம்.

ஏன் வேண்டாம்? ஈப்போவிலிருந்து ஜொகூர் போகிற நேரம்கூட இல்லையே!

தம்பி, நேரத்தைப் பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள். 1,318 கிலோமீட்டர். நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை முழுக்க ஓட்டி முடித்தாலும் 770 கிலோமீட்டர் சொச்சம்தான். ரயில் நாலரை மணி நேரம் என்பது சரி. ஹோட்டலிலிருந்து நிலையத்துக்கு ஒரு மணி, பெட்டியைச் சோதிக்க முக்கால் மணி, அங்கே இறங்கி அறைக்குப் போக இன்னொரு மணி. ஏழு மணி நேரம் போயிற்று. திரும்பி வர இன்னோர் ஏழு. மூன்று நாளில் ஒன்றை ரயிலிலேயே கழித்துவிட்டு எதைப் பார்ப்பீர்கள்?

(வேறொருவர்) அண்ணன் பிடிவாதம் பிடிக்கிறார். என் மச்சான் ஐந்து நாளில் மூன்று ஊர் பார்த்தான்.

உங்கள் மச்சானிடம் எந்த ஊரில் என்ன சாப்பிட்டான் என்று கேளுங்கள். படம் இருக்கும், ஞாபகம் இருக்காது.

(முதல் தம்பி) சரி, திரும்பும் விமானத்தை ஷாங்காயிலிருந்து எடுத்தால்?

...இது நியாயம். திரும்பி வரும் ஏழு மணி நேரம் மிச்சமாகிறது. ஒரு நாள் கூட்டி ஆறாக்கினால் ஒத்துக்கொள்கிறேன். ஐந்துக்குள் என்றால் என் பதில் பழைய பதில்தான்.

வாட்சாப் வேலை செய்யுமா?

ஹோட்டல் வைஃபையில் செய்யாது. மலேசிய சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் செய்யும்.

நேர வித்தியாசம்?

இல்லை.

டீ குடிக்கக் கூப்பிடுவார்களாமே?

அரண்மனைப் பக்கம் நன்றாக ஆங்கிலம் பேசும் பெண்பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கூப்பிட்டால் போகாதீர்கள். பில் வரும்போது சிரிப்பு நின்றுவிடும்.

திங்கட்கிழமை போய்ச் சேருகிறோம், நேராக அரண்மனைக்கு...

இனிமேல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

அம்மாவுக்கு 72 வயது. தோட்டத்திலேயே பிறந்தவர், ஆனால் சிவப்பு ஐசிதான் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அட்டை). நாங்கள் ஆறு பேர் போகிறோம், அவரும் வர ஆசைப்படுகிறார். முடியுமா?

விசா விலக்கு மலேசியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அக்கா. சிவப்பு ஐசிக்கு அந்தப் பாஸ்போர்ட் கிடையாது. அம்மாவிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் ஏதும் இல்லையென்றால், முதலில் பதிவிலாகாவிலும் குடிநுழைவு அலுவலகத்திலும் என்ன வழி என்று கேட்க வேண்டும். அதுவரை ஆறு பேரில் யாருக்கும் டிக்கெட் வாங்காதீர்கள். பிறப்புப் பத்திரம், பழைய தோட்டச் சம்பளச் சீட்டு, எது இருந்தாலும் ஒரு பையில் போட்டு வையுங்கள். திங்கட்கிழமை அலுவலகம் திறந்திருக்கும். காலை ஏழரைக்கு நான் வண்டியோடு வருகிறேன், ஈப்போவுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவோம்.