11 வருடம் வீட்டிலா இருந்தார்?

கேள்வி: என் கணவர் போருக்குப் பின் அரசின் புனர்வாழ்வு முடித்து வந்த முன்னாள் விடுதலைப் புலிப் போராளி. நிரந்தர வேலை இல்லை. மேசன்மாருக்குக் கையாளாகப் போவார், மாரியில் அதுவும் இல்லை. ஊரில் லாண்ட்மாஸ்டரோ (கையால் ஓட்டும் சின்ன உழவு இயந்திரம்) வாட்டர் பம்போ நின்றுவிட்டால் இவரைத்தான் கூப்பிடுவார்கள், ஒரு பிளேன்டீயோடு சரி. அரிசி ஆலை ஒன்றில் மெஷின் பார்க்கும் வேலைக்கு விண்ணப்பித்தோம். 1998 தொடக்கம் 2009 வரை அவர் வன்னியில் இயக்கத்தில் இயந்திரம் திருத்தியவர், ஆனால் படிவத்தில் 'வீட்டில் இருந்தார்' என்று நானே நிரப்பிக் கொடுத்தேன். 'அத்தனை வருடமும் வீட்டில் என்ன செய்தீர்?' என்று கேட்டார்களாம். பதில் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டார், ரோசக்காரர். 13 வயது மகளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. நான் குவைத் போவதற்கு ஏஜென்சியில் பாஸ்போர்ட் கொடுத்திருக்கிறேன். என் முடிவு சரிதானே?
- படுவான்கரை வாசகி

பதில்: இல்லை, தங்கச்சி.

இதே கடிதம் வாகரையில் இருந்தும் வந்திருக்கிறது, திருக்கோவிலில் இருந்தும் வந்திருக்கிறது. முதலாளிமார் முகம் சுளிப்பதும், சொந்தக்காரர் ஒதுங்குவதும் எல்லாக் கடிதத்திலும் இருக்கும். அது உண்மைதான், அதைப் பற்றி இன்று நான் எழுதப் போவதில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு சொல் போதும்: 'வீட்டில் இருந்தார்'.

நம் பக்கத்தில் ஒரு ஆம்பிளையைப் பற்றி 'அவன் வீட்டிலதான் இருக்கான்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. அந்த மனிதர் உங்கள் வீட்டில், உங்கள் கூரைக்குக் கீழே வந்து குடியிருக்கிறார். அவருக்கென்று இருப்பது கை இரண்டும், அது பழகிய தொழிலும்தான். அந்தத் தொழில் பழகிய வருடங்களை நீங்கள் ஒரே வரியில் அழித்துவிட்டீர்கள். பிறகு அவரை அந்தக் கதிரையில் கொண்டுபோய் இருத்தினீர்கள். 'ஓம், சும்மாதான் இருந்தேன்' என்று அவர் சொல்ல வேண்டும், அல்லது 'என் மனைவி பொய் எழுதிவிட்டாள்' என்று சொல்ல வேண்டும். இரண்டையும் சொல்லாமல் எழும்பி வந்தார். உங்களைக் காட்டிக் கொடுக்காமல் வந்த மனிதரை ரோசக்காரர் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்!

யாருக்கு மறைக்கிறீர்கள்? 12,000 பேருக்கு மேல் புனர்வாழ்வு முடித்து வந்திருக்கிறார்கள், எல்லாம் பதிவில் உள்ள பெயர்கள். பொலிசுக்குத் தெரியும், கிராம சேவகருக்குத் தெரியும், பம்பைத் தூக்கிக்கொண்டு வருகிற வயல்காரருக்கும் தெரியும். தெரியாதது உங்கள் மகளுக்கு மட்டும்தான். அவளும் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி அறிவாள். அது நடக்கும் முன் தகப்பன் வாயால் கேட்கட்டும். இயக்கம் செய்தது சரியா பிழையா என்ற வழக்கை உங்கள் அடுப்படியில் வைத்துத் தீர்க்க வேண்டியதில்லை. அப்பா எங்கே இருந்தார், என்ன செய்தார் என்பது பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

அம்பாறைப் பக்கம் இராணுவத்தில் 22 வருடம் முடித்து வந்த சிப்பாய்க்கு ஓய்வூதியம் இருக்கிறது. அவர் செக்யூரிட்டி வேலை கேட்டுப் போனால் அந்த 22 வருடத்தைத்தான் முதல் வரியில் எழுதுவார். உங்கள் கணவருக்கு ஓய்வூதியமும் இல்லை, சேவைச் சான்றிதழும் இல்லை. ஆனால் அவர் கை எங்கே பழகியது? பொருளாதாரத் தடைக் காலத்து வன்னியில் பெற்றோல் கிடைக்காமல் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிப்பாகம் இல்லாமல் ஜெனரேட்டரை ஓட வைத்தவர்களுக்கு ஆலை இயந்திரம் ஒரு பெரிய காரியமா?

ஆகவே புதிய படிவம் ஒன்று எடுங்கள். இயக்கத்தில் என்ன பதவி, எந்தப் பிரிவு என்ற கதையெல்லாம் வேண்டாம், வேலை கொடுப்பவர் அதைக் கேட்கவில்லை. '1998–2009 வன்னி, டீசல், மண்ணெண்ணெய் இயந்திரம் திருத்தும் வேலை. பின்னர் புனர்வாழ்வு' என்று அவரே தன் கையால் எழுதட்டும். வகுப்புக்குப் போகாமல் வேலையில் பழகியவர்களையும் சோதித்துப் பார்த்து என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. நைற்றா என்கிறோமே, அந்தப் பயிலுனர் பயிற்சி அதிகார சபையில் கேட்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்கள உத்தியோகத்தரைப் பாருங்கள். சோதிக்க வருபவருக்கு முன்னால் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிக் காட்ட வேண்டும். அதை அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். அப்போதும் சில முதலாளிகள் வேண்டாம் என்பார்கள், சொல்லட்டும்.

அப்புறம் அந்தப் பிளேன்டீ. போகத்துக்கு ஏக்கர் கணக்கில் அறுக்கிறவர் நின்ற லாண்ட்மாஸ்டரை ஓட வைத்தவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்புகிறார், நீங்களும் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். அவர் காசு கேட்கக் கூச்சப்படுவார். நீங்கள் கேளுங்கள். வீடு உங்களுடையது, வாசலில் நின்று கேட்கும் உரிமையும் உங்களுடையதுதான். ஒரு கொப்பியில் பெயர், வேலை, தொகை எழுதி வையுங்கள். நாளைக்கு அனுபவத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் அந்தக் கொப்பியை நீட்டலாம்.

குவைத்துக்கு வருவோம். 13 வயதுப் பெண் பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் போகக் கூடாது என்பது என் கட்சி. பழைய காலத்து ஆள் என்று திட்டுங்கள், பரவாயில்லை. கடன் கழுத்தை நெரித்துப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. தொழில் தெரிந்த மனிதர் வீட்டில் இருக்கிறார், இப்போது உண்மையிலேயே சும்மா இருக்கிறார்.

இந்தக் கிழமையே பஸ் ஏறிப் போய் அந்தப் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்குங்கள். போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், வரும் வழியில் நைற்றாவில் இறங்கலாம்.