செடி, கொடி, கேள்வி: செயின்ட் ஜான் ஆற்றின் மஞ்சள் பூ

ஃபர்பிஷ் லவுஸ்வர்ட் என்ற ஆற்றங்கரைப் பூவைப் புதிய இனம் என்று எப்படி உறுதி செய்தார்கள்?
(கல்லூரி மாணவி, திருச்சி)

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் செடிகளைத் தேடித் தேடி நீர்வண்ணத்தில் வரைந்தவர் கேட் ஃபர்பிஷ். 1880-ல் வான் பியூரன் பக்கம், செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் இந்தச் செடியைக் கண்டார். தெரிந்த எந்த இனத்தோடும் பொருந்தவில்லை என்று பட்டதும் ஹார்வர்டின் கிரே ஹெர்பேரியத்தில் (உலர்ந்த செடி மாதிரிகளின் காப்பகம்) இருந்த தாவரவியலாளர் செரெனோ வாட்சனுக்கு அனுப்பினார். வாட்சன் 1882-ல் ‘பெடிகுலாரிஸ் ஃபர்பிஷியே’ என்ற பெயரில் அதை வெளியிட்டார்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இதே பெடிகுலாரிஸ் பேரினத்தைச் சேர்ந்த வேறு இரண்டு செடிகள் உண்டு. கனடென்சிஸ் குட்டையானது, வசந்தத்திலேயே பூத்துவிடும். லான்சியோலேட்டாவின் இலைகள் பெரும்பாலும் எதிரெதிராக அமையும். ஃபர்பிஷியே சுமார் 90 செ.மீ. வரை வளரும். பெரணி போல் பிளவுபட்ட இலைகள் மாற்றடுக்கில் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில்தான் மஞ்சள் பூ வரும். பூவின் மேலிதழ் தலைக்கவசம் போல் வளைந்திருக்கும். அதன் நுனியில் அலகு நீண்டிருக்கிறதா, பல் இருக்கிறதா என்று பார்த்தே இந்தப் பேரினத்தின் பல இனங்களைப் பிரிக்கிறார்கள். பூ இல்லாமல் இலையை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முயன்றால் தவறு நேரும்.

பெயரின் கடைசியில் ‘இயே’ எதற்கு? பேனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?
(வாசகர், சேலம்)

மெய்யெழுத்தில் முடியும் ஒரு பெண்ணின் பெயரை இனத்துக்குச் சூட்டும்போது லத்தீன் இலக்கணப்படி இந்த விகுதி வரும். லத்தீனில் ‘பெடிகுலஸ்’ என்றாலும் ஆங்கிலத்தில் ‘லவுஸ்’ என்றாலும் பேன்தான். இந்தச் செடி மண்டிய இடத்தில் மேயும் கால்நடைக்குப் பேன் பிடிக்கும் என்று ஐரோப்பியக் குடியானவர்கள் நம்பினார்கள். நம்பிக்கை பொய், பெயர் நிலைத்துவிட்டது.

பழைய நூல்கள் இதை ஸ்க்ரோபுலேரியேசி குடும்பம் என்கின்றன, புதியவை ஒரோபாங்கேசி என்கின்றன. எதை எழுதுவது?
(ஆசிரியர், தஞ்சாவூர்)

ஒரோபாங்கேசி என்றே எழுதுங்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு, பிற செடிகளின் வேரில் உறிஞ்சும் இனங்களை அங்கே சேர்த்துவிட்டார்கள். சோளக் கொல்லையில் விவசாயிகளை வாட்டும் சுடுமல்லியும் இதே குடும்பம்தான். சுடுமல்லியைப் போலவே ஃபர்பிஷியேவும் பச்சை இலையால் உணவு தயாரித்துக்கொண்டே பக்கத்துச் செடியின் வேரிலிருந்தும் உறிஞ்சும். பெடிகுலாரிஸ் நம் நீலகிரி, பழனி மலைகளிலும் உண்டு. ஜெய்லானிகா என்பது அதில் ஓர் இனம்.

ஒரு பெரிய அணையையே நிறுத்திய பூ இது என்கிறார்களே, உண்மையா?
(வாசகர், மேட்டூர்)

முழு உண்மை அல்ல. செயின்ட் ஜான் ஆற்றில் டிக்கி-லிங்கன் அணைத் திட்டம் இருந்தது. சுமார் 88,000 ஏக்கர் நிலம் நீரில் மூழ்கியிருக்கும். அதற்கான சூழல் ஆய்வு நடந்த 1976-ல்தான், அழிந்துவிட்டது என்று கருதப்பட்ட இந்தச் செடி மீண்டும் கண்ணில் பட்டது. 1978-ல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் மேலும் தேடியபோது நீர்த்தேக்கப் பகுதிக்கு வெளியேயும் கூட்டங்கள் கிடைத்தன. செலவும், மூழ்கவிருந்த காடும் எழுப்பிய எதிர்ப்பைக் கணக்கில் எடுக்காமல் பூவுக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுப்பது சரியல்ல.

அணை வேறு வகையில் ஆபத்தானது. குளிர்காலம் முடியும்போது உடைந்த பனிப்பாளங்கள் கரையைச் சுரண்டிக்கொண்டு ஓடும். கரையில் மண்டும் ஆல்டர் புதர்கள் அதில் பெயர்ந்து, இந்தச் செடிக்கு வெளிச்சமும் வெற்று மண்ணும் கிடைக்கின்றன. அணையால் இந்தச் சுரண்டல் நின்றால் புதர் நிழல் மூடிவிடும். அடிக்கடி நடந்தாலும் கெடுதல், ஏனென்றால் விதையிலிருந்து முளைத்த செடி பூக்கக் குறைந்தது 3 ஆண்டுகள் வேண்டும். இந்தச் செடி இயற்கையாக வளரும் ஒரே ஆறு இதுதான். 2023-ல் இதன் நிலையை ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானது’ என ஒரு படி தளர்த்தியிருக்கிறார்கள்.

ஆற்றங்கரையில் பெயர் தெரியாத செடி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். யாரிடம், எப்படிக் கொடுப்பது?
(இயற்கை ஆர்வலர், ஈரோடு)

முதலில் எண்ணுங்கள். 20 செடிகளுக்குக் குறைவாக இருந்தால் ஒன்றைக்கூடப் பறிக்க வேண்டாம், படம் போதும். அதற்கு மேல் இருந்தால் 20-க்கு 1 என்பதே உச்ச வரம்பு. வனப்பகுதி என்றால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

படம் எடுக்கும்போது முழுச் செடி, இலை தண்டோடு சேரும் இடம், பூ முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், காய் என எடுங்கள். அளவுகோல் ஒன்றை அருகில் வையுங்கள்.

பறித்த கிளையில் பூவும் காயும் இருக்க வேண்டும். அன்றே செய்தித்தாள்களுக்கு இடையே விரித்து, ஓர் இலையையாவது அடிப்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்து, பலகைகளுக்கு இடையில் இறுக்கிக் கட்டுங்கள். அடுத்த நாளே தாளை மாற்றியாக வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஆற்றங்கரைச் செடியில் நீர் அதிகம், ஈரத் தாளில் 2 நாள் கிடந்தாலே பூஞ்சை பிடித்து இலை கழன்றுவிடும். முதல் வாரம் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள்.

பூவின் நிறத்தைக் கரையிலேயே எழுதிவிடுங்கள். பெடிகுலாரிஸ் போன்ற செடிகள் காயும்போது கறுத்துவிடும், பிறகு ஹெர்பேரியத்தில் யாராலும் நிறம் சொல்ல முடியாது. நாள், இடம், ஜி.பி.எஸ். எண்கள், நீர்மட்டத்திலிருந்து தூரம், மண் வகை, உயரம், பக்கத்தில் வளர்பவை எல்லாம் சீட்டில் வேண்டும். சீட்டு இல்லாத மாதிரி வெறும் காய்ந்த இலைதான்.

காய்ந்ததைக் கோவையிலுள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் ஹெர்பேரியத்துக்கோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்துக்கோ, முன்கூட்டிப் பேசிவிட்டுக் கொண்டு செல்லுங்கள்.