மியாமி கார்னிவல் கப்பலுக்கு வைன்: பெட்டியில் வேண்டாம்

திருமண நாளுக்காக நீங்களும் மனைவியும் இரண்டு வைன் பாட்டில், கூடவே ஒரு விஸ்கி கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைன் சரி. கார்னிவல் என்ற இந்தச் சுற்றுலாக் கப்பல் நிறுவனத்தில் 21 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் 750 மில்லி பாட்டில் ஒன்று உண்டு. உங்கள் இருவருக்கும் கணக்கு சரியாக வருகிறது. ஆனால் சீல் உடைக்காமல், ஏறும் நாளன்று கைப்பையில்தான் இருக்க வேண்டும். துறைமுகத்தில் போர்ட்டரிடம் கொடுக்கும் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். நான் அப்படி வைத்து, பெட்டி அறைக்கு வராமல் ராத்திரிவரை மாற்றுத்துணி இல்லாமல் திரிந்தேன்!

விஸ்கியை மறந்துவிடுங்கள், எக்ஸ்ரேயில் மாட்டிவிடும். அப்புறம், அறையில் குடித்தால் செலவில்லை. டைனிங் ஹாலுக்கு எடுத்துப் போனால் பாட்டில் திறக்கக் கட்டணம் கேட்பார்கள். அறைக்குத் திருகுமூடி பாட்டிலாகவே வாங்கிக்கொள்ளுங்கள், கார்க் திருகியைத் தேடி அலைய வேண்டாம்.