மாலிபுவா, எஸ்.எஸ்.ஸா? பழைய ஷெவெல் வாங்கும் முன் எதைப் பார்ப்பது

கேள்வி: ஓஹையோவில் வேலை பார்க்கிறேன். 1970 செவர்லே ஷெவெல் காரின் வேகமான வகையான எஸ்.எஸ். 396 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதே காரின் சாதாரண வகையான மாலிபுவை விட விலை மிக அதிகம். 'எல்லா நம்பரும் மேட்ச் ஆகும்' என்கிறார் விற்பவர். காரின் அடையாள எண்ணான வின் நம்பர் 13637 என்று ஆரம்பிக்கிறது. பேட்ஜ், பானட், கோடு எல்லாம் எஸ்.எஸ். போலத்தான் இருக்கின்றன. ஆனால் மாலிபுவை எஸ்.எஸ்.ஸாக மாற்றி விற்பது சகஜம் என்கிறார் நண்பர். எப்படிக் கண்டுபிடிப்பது? மாற்றிய கார் என்றால் விட்டுவிட வேண்டுமா?

பதில்: நண்பர் சொல்வது உண்மை. 1970 ஷெவெலில் வெளித்தோற்றத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கறுப்பு கிரில், நடுவில் மேடு வைத்த பானட், பின் பம்பரில் எஸ்.எஸ். எழுத்துள்ள கறுப்புப் பட்டை, ஐந்து ஆரக்கால் வீல் என்று எல்லாமே இன்று புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. 1969 கமாரோவுக்கு முழு பாடியே புதிதாகக் கிடைக்கிறது என்றால் பேட்ஜ் எந்த மூலை? அதனால் வெளியே இருப்பதை ரசித்துவிட்டு, தீர்ப்பை வேறு இடத்தில் தேடுங்கள்.

அந்தக் கால அமெரிக்க கார் எதை வாங்கப் போனாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். அந்த வருடம் இந்த வேகமான வகை தனி மாடலாக விற்கப்பட்டதா, அல்லது சாதாரண மாடலில் கூடுதல் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஆப்ஷனாக விற்கப்பட்டதா? தனி மாடல் என்றால் வின் நம்பரிலேயே தெரிந்துவிடும். ஆப்ஷன் என்றால் நம்பர் வாயே திறக்காது.

ஷெவெலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966 முதல் 1968 வரை எஸ்.எஸ். 396 தனி மாடல். நம்பர் 138 என்று தொடங்கும். எட்டு சிலிண்டர் மாலிபு 136 என்று தொடங்கும். 1968 காரை எஸ்.எஸ். என்று காட்டி, நம்பர் 136 என்று இருந்தால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம். 1969-ல் கம்பெனி அதை இஸட்25 என்ற ஆப்ஷனாக மாற்றிவிட்டது. 1970-ல் எஸ்.எஸ். கூபேயும் ஆவணப்படி ஒரு மாலிபுதான். உங்கள் காரின் நம்பரைப் பிரித்தால் 1 செவர்லே, 36 எட்டு சிலிண்டர் மாலிபு, 37 இரண்டு கதவு ஹார்ட்டாப். அதாவது இது எஸ்.எஸ்.ஸாக இருக்கலாம், அவ்வளவுதான். 135 என்று தொடங்கியிருந்தால் ஆறு சிலிண்டர் காராகப் பிறந்தது, நிச்சயம் எஸ்.எஸ். இல்லை என்று இங்கேயே முடித்திருக்கலாம்.

பான்டியாக் ஜி.டி.ஓ. கதை இதற்கு நேர் எதிர். நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் போடக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் அப்போது கட்டுப்பாடு இருந்தது. அதைச் சுற்றிப் போகத்தான் 1964-ல் 389 கன அங்குல எஞ்சினை லெ மான்ஸ் காருக்கு ஓர் ஆப்ஷனாக வைத்து ஜி.டி.ஓ. என்று விற்றார்கள். 1964, 1965 கார்களின் வின்னில் அதற்கு அடையாளம் கிடையாது. 1966 முதல் 1971 வரை அது தனி மாடல். நம்பர் 242 என்று தொடங்கும். 1972-ல் மறுபடி ஆப்ஷன். ஆனால் பான்டியாக் வாங்குபவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸிடம் கட்டணம் கட்டினால், அந்த நம்பர் கார் ஃபேக்டரியிலிருந்து என்னென்ன சேர்த்து வெளியே வந்தது என்ற பதிவின் நகல் கிடைக்கும். அமெரிக்காவில் விற்ற ஷெவெலுக்கு அப்படிக் கேட்டு வாங்க இடமில்லை. கனடாவில் விற்ற காராக இருந்தால் மட்டும் ஜெனரல் மோட்டார்ஸின் கனடா பிரிவு பழைய பதிவிலிருந்து விவரம் தரும். உங்கள் கார் முதலில் எந்த நாட்டில் விற்றது என்று விற்பவரிடம் கேட்டுவைப்பது நல்லது.

ஃபோர்டும் கிரைஸ்லரும் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். மஸ்டாங் வின்னில் ஐந்தாவது இடத்தில் எஞ்சின் எழுத்து இருக்கும். 1965, 1966-ல் மஸ்டாங் ஜி.டி. என்றால் அங்கே 'ஏ' அல்லது 'கே' இருக்க வேண்டும், ஜி.டி. பேட்ஜோடு 'சி' இருந்தால் அது பிறகு செய்த வேலை. 1967 முதல் வந்த ஃபோர்டுகளுக்கு, ஃபேக்டரிப் பதிவிலிருந்து விவரம் தரும் மார்ட்டி ரிப்போர்ட் வாங்கலாம். டாட்ஜ் சேலஞ்சரில் மாடலும் எஞ்சினும் இரண்டுமே நம்பரில் வந்துவிடும். 1970 ஆர்/டி ஹார்ட்டாப் ஜே.எஸ்.23 என்று தொடங்கும், சாதா வண்டி ஜே.எச்.23. அடுத்த எழுத்து 'ஆர்' என்றால் 426 கன அங்குல ஹெமி எஞ்சின்.

சரி, உங்கள் காருக்கு வருவோம். நம்பர் கைவிரித்த பிறகு முக்கிய சாட்சி எஞ்சின்தான். முன்பக்கம், பயணி உட்காரும் பக்கமாக, சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால் பிளாக்கில் சிறிய தட்டையான இடம் இருக்கும். ஆல்டர்னேட்டர் பாதி மறைத்திருக்கும். பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் துடையுங்கள். உப்புத்தாள், கம்பி பிரஷ் எதுவும் கிட்டே வரக் கூடாது. அங்கே இரண்டு அச்சுகள் இருக்க வேண்டும். ஒன்று எஞ்சின் தயாரான இடமும் தேதியும் வகையும். டி0212 என்று தொடங்கினால் டோனவாண்டா ஆலையில் பிப்ரவரி 12 அன்று பூட்டியது. அதற்குப் பின்னால் வரும் எழுத்துகள்தான் எஞ்சின் எந்த வகை என்று சொல்லும். இன்னொன்று காரின் வின்னைச் சுருக்கிய வடிவம்: 10 என்று தொடங்கி, கார் ஆலையின் எழுத்து, பிறகு கடைசி ஆறு இலக்கம். சில எஞ்சின்களில் இந்த இரண்டாவது அச்சு ஆயில் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும்.

'நம்பர் மேட்ச்', அதாவது எஞ்சின் காரோடு பிறந்தது என்பவர்கள் இந்த ஆறு இலக்கத்தைக் காட்டி நிறுத்திவிடுவார்கள். நீங்கள் அங்கே நிறுத்தாதீர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து அந்தப் பரப்பைப் பாருங்கள். பிளாக்கின் மேல்பரப்பை ஆலையில் நீளமான கருவி ஒரே இழுப்பில் சீவியிருக்கும். அதனால் முன்னிருந்து பின்னாக மெல்லிய நேர்க்கோடுகள் விழுந்திருக்கும். எழுத்துகள் அந்தக் கோடுகளின் மேல் பதிந்திருக்கும். பழைய நம்பரைத் தேய்த்துப் புதிது அடித்திருந்தால் கோடுகள் காணாமல் போயிருக்கும், அல்லது வளைவாகவோ குறுக்காகவோ கீறல் தெரியும். எழுத்தின் அமைப்பையும் பாருங்கள். எஞ்சின் ஆலையில் அடித்ததும் கார் ஆலையில் அடித்ததும் வேறு வேறு கை, வேறு வேறு அச்சு. இரண்டும் ஒரே அளவில், ஒரே ஆழத்தில், ஒரே சீராக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆனால் நேர்மையாக எஞ்சின் வேலை பார்த்தபோது மேல்பரப்பைச் சீவியிருந்தாலும் கோடு போய்விடும். கோடு இல்லாததால் ஏமாற்று என்று ஆகிவிடாது. ஆனால் சாட்சி போய்விட்டது. சாட்சி இல்லாததற்கு எஸ்.எஸ். விலை கொடுக்கக் கூடாது.

பழைய ஆட்கள்கூடத் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 1970-ல் '396' என்று விற்ற எஞ்சினின் உண்மையான கொள்ளளவு 402 கன அங்குலம். அதே 402-ஐ 330 குதிரைத்திறனில், '400' என்ற பேட்ஜோடு, எஸ்.எஸ். ஆப்ஷன் இல்லாத மாலிபுவிலும் கொடுத்தார்கள். அந்த மாலிபுவில் பெரிய எஞ்சின் இருக்கும், ஒரிஜினலாக இருக்கும், நம்பரும் மேட்ச் ஆகும், ஆனால் அது எஸ்.எஸ். கிடையாது. அதனால் 'பெரிய எஞ்சின், நம்பர் மேட்ச்' என்பது மட்டும் போதாது. 1970 எஸ்.எஸ். 396-ல் வந்தது 350 குதிரைத்திறன் எல்34, அல்லது 375 குதிரைத்திறன் எல்78. அச்சில் உள்ள கடைசி எழுத்துகளைக் குறித்துக்கொண்டு, 1970 ஷெவெலுக்கான எஞ்சின் குறியீட்டுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எல்34 அல்லது எல்78 என்று வந்து, அச்சும் தொடப்படாமல் இருந்தால் உங்கள் கேள்விக்குக் கிட்டத்தட்ட பதில் கிடைத்துவிட்டது. ஏர் கிளீனர் மேல் ஒட்டியிருக்கும் குதிரைத்திறன் ஸ்டிக்கரைப் பார்த்து எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

இன்னும் பெரிய 454 கன அங்குல எஞ்சின் வந்த எஸ்.எஸ். 454-லும் இதே கணக்குதான். 360 குதிரைத்திறன் எல்.எஸ்.5-க்கும் 450 குதிரைத்திறன் எல்.எஸ்.6-க்கும் பிளாக்கின் வார்ப்பு எண் ஒன்றே, 3963512. ஆனால் விலையில் பெரிய வித்தியாசம். அச்சில் சி.ஆர்.வி. என்றால் மேனுவல் கியரோடு வந்த எல்.எஸ்.6, சி.ஆர்.ஆர். என்றால் ஆட்டோமேட்டிக்.

அடுத்தது தேதிகள். பிளாக் வார்த்த தேதி எஞ்சினின் பக்கவாட்டில் ஸ்டார்ட்டர் பக்கமாக இருக்கும். ஏ 20 0 என்றால் 1970 ஜனவரி 20. வார்த்த பிறகுதான் பூட்ட முடியும், பூட்டிய பிறகுதான் காரில் இறக்க முடியும். பானட்டைத் திறந்தால் ஃபயர்வாலில் ஒரு சிறிய தகடு தெரியும். அதில் 02சி என்று இருந்தால் பாடி பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தயாரானது. எஞ்சின் ஏப்ரலில் பூட்டியது என்றால் அது இந்தக் காரோடு பிறந்தது இல்லை. அந்தத் தகட்டில் எஸ்.எஸ். என்று எதுவும் எழுதியிருக்காது, தேட வேண்டாம். சில எஞ்சின்களில் வின் இருக்க வேண்டிய இடத்தில் சி.இ. என்று தொடங்கும் எண் இருக்கும். வாரண்டியில் கம்பெனியே மாற்றிக் கொடுத்த பிளாக் அது. ஒரிஜினல் எஞ்சின் போய்விட்டது என்று அர்த்தமே தவிர, கார் போலி என்று அர்த்தம் இல்லை.

இனி காருக்கு அடியில் போங்கள். பின் ஆக்சில் மூடியில் போல்ட்டுகளை எண்ணுங்கள். எஸ்.எஸ்.ஸில் 12 இருக்க வேண்டும். சின்ன எஞ்சின் மாலிபுவில் பொதுவாக 10. பின் சக்கரங்களை முன்னோக்கிப் பிடித்திருக்கும் கீழ்க் கைகளைத் தடவிப் பாருங்கள். எஸ்.எஸ்.ஸில் அவை நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவில் இருக்கும், நடுவே கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஸ்வே பார் போல்ட் போட்டு இணைந்திருக்கும். சாதா மாலிபுவில் ஒரு பக்கம் திறந்த வளைதகடு. முன்னால் டிஸ்க் பிரேக் இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் நான்கு கியர் மன்ஸி, அல்லது டர்போ ஹைட்ராமேட்டிக் 400. பவர்கிளைடு என்ற ஆட்டோமேட்டிக் இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஒரிஜினல் கியர்பாக்ஸ் என்றால் அதிலும் வின் சுருக்கம் அடித்திருக்கும்.

உள்ளே எஸ்.எஸ்.ஸுக்கு வட்ட வட்டமான மீட்டர்கள்; மாலிபுவுக்குக் கிடைமட்டமாக நீளும் ஸ்பீடோமீட்டர். டேஷ்போர்டை மாற்றுகிறவர்கள் வயரிங்கை முழுசாக மாற்றுவது குறைவு. தலையைக் கீழே விட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெட்டி ஒட்டிய வயர், டேப் சுற்றிய முடிச்சு கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். இவை எல்லாம் கழற்றி மாட்டக்கூடிய சாமான்கள். எல்லாம் சரியாக இருந்தால் எஸ்.எஸ். என்று நிரூபணம் ஆகாது. இரண்டு மூன்று தவறாக இருந்தால் மட்டும் நிச்சயமாக ஏதோ சொல்கின்றன.

காகிதம் இருந்தால் பாதிச் சண்டை தீர்ந்தது. அசெம்பிளி லைனில் காரோடு வந்த, என்னென்ன பூட்ட வேண்டும் என்ற பட்டியலான பில்ட் ஷீட் பெட்ரோல் டேங்கின் மேலே, சீட் ஸ்பிரிங்கில், கார்பெட்டுக்கு அடியில் என்று எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கலாம். விற்பவர் சம்மதித்தால் பின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். டேங்கை இறக்க அனுமதித்தால் அதையும் செய்யுங்கள். முதல் ஓனரின் வாரண்டிப் புத்தகத்தில் இருக்கும் உலோகத் தகடு, டீலர் பில் ஆகியவையும் நல்ல சாட்சிகள். ஆனால் உலோகத் தகட்டையும் பில்ட் ஷீட்டையும் புதிதாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். சட்டத்தில் மாட்டிச் சுத்தமாகக் காட்டும் பில்ட் ஷீட்டை விட, எலி கடித்து ஓரம் போனதை நான் அதிகம் நம்புவேன். அதிலும் வின் உங்கள் காருடையதா என்று பார்த்த பிறகுதான்.

கண்ணாடி வழியாகத் தெரியும் வின் தகட்டின் ரிவெட்டுகளையும் கவனியுங்கள். பூ இதழ் மாதிரியான தலையோடு இருக்க வேண்டும். கடையில் வாங்கும் சாதாரண பாப் ரிவெட் என்றால் விலகிவிடுங்கள். வின் தகட்டை மாற்றுவது அமெரிக்காவில் மத்தியச் சட்டப்படி குற்றம். நாளை கார் பறிமுதலாகலாம். பாடியிலும் சேஸிஸிலும் மறைவாக வின் சுருக்கம் அடித்திருப்பார்கள். ஷெவெல் மட்டுமே பார்க்கும் ஓர் ஆய்வாளரைக் கூலி கொடுத்து அழைத்துப் போனால் அதையும் தேடிப் பார்த்துச் சொல்வார். இந்த விலைக்கு அந்தக் கூலி பெரிதில்லை.

மாற்றிய கார் என்று தெரிந்தால் விட்டுவிட வேண்டுமா என்கிறீர்கள். வேண்டியதில்லை. நல்ல பாடி, முறையாகப் பூட்டிய பெரிய எஞ்சின், சரியான பிரேக் இருந்தால் ஓட்டுவதற்கு அருமையான கார். மழையில் எடுக்கத் தயங்க வேண்டாம், வேறு கார்புரேட்டர் போட யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் நல்ல மாலிபுவின் விலையோடு, செய்த வேலைக்கு நியாயமாக ஒரு தொகை சேர்த்துப் பேசுங்கள். இன்சூரன்ஸிலும் குளோன், அதாவது எஸ்.எஸ். போல மாற்றிய கார் என்றே சொல்லி மதிப்புப் போடுங்கள். விற்பவரிடம் 'ஃபேக்டரி எஸ்.எஸ். 396, ஒரிஜினல் எஞ்சின்' என்று விற்பனைப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தயங்கினால் உடனே மாலிபு விலைக்கு இறங்கிப் பேசுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு ஷெவெல் தேடுங்கள்.