ஸ்பானிய மொழியில் ‘ஸு காஸா’ யாருடைய வீடு?
அவனுடைய வீடு, அவளுடைய வீடு, உங்கள் வீடு ஆகிய மூன்றுக்கும் ஸ்பானியத்தில் ‘ஸு காஸா’ என்றே வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே உடைமைச் சொல் உடையவரின் பாலைக் காட்டாமல், உடைமைப் பொருளின் எண்ணோடும், ‘நுவெஸ்த்ரோ’ (எங்கள், நம்) போன்ற சில சொற்களில் அதன் இலக்கணப் பாலோடும் இயைவதால், ஒருவருக்கே பல வீடுகள் இருந்தால் ‘ஸுஸ் காஸாஸ்’ என்றும், பலருக்குச் சேர்ந்து ஒரே வீடு இருந்தால் ‘ஸு காஸா’ என்றும் வரும். ஐயம் எழுமிடத்தில் ‘லா காஸா தே எல்யா’, அதாவது அவளுடைய வீடு, என்று விரித்துச் சொல்வதே தெளிவு. பெயர்ச்சொல்லை விட்டு ‘என்னுடையது’ என்னும்போது, ஸ்பானியத்தில் பெண்பாலாகிய வீடானால் ‘லா மீயா’, ஆண்பாலாகிய புத்தகமானால் ‘எல் மீயோ’. உடலுறுப்புகளுக்குப் பெரும்பாலும் உடைமைச் சொல்லே வேண்டியதில்லை. ‘மே துவேலே லா கபேஸா’ என்னும் தொடர், நம்முடைய ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதைப் போலவே அமைந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை.